ஆல்தோ வந்த வாக்கியத்தில் பட் எதற்கு?

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆல்தோ, டிஸ்பைட், ஹவெவர், பட் எல்லாவற்றுக்கும் அகராதியில் ஏறத்தாழ ஒரே பொருள்தான் இருக்கிறது. பிறகு ஏன் ஓரிடத்தில் ஒன்றைப் போட்டால் சரி, மற்றொன்றைப் போட்டால் பிழை என்கிறார்கள்? எழுத்துக்கூட்டலும் தடுமாறுகிறது. ‘இன்ஸ்பைட்’ ஒரே சொல்லா, இரண்டா?”

கடைசிக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். ‘இன்’ தனி, ‘ஸ்பைட்’ தனி, அதன் பின்னால் ‘ஆஃப்’ கட்டாயம். மூன்று சொற்கள். சேர்த்து எழுதுவது நம் ஊர் விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் எவ்வளவு பரவியிருந்தாலும் பிழைதான்.

முதல் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. என் கைக்கு வரும் தாள்களில் சிவப்பு மை அதிகம் படுவது இந்தச் சொற்களின் மேல்தான். எழுதியவர்கள் சோம்பேறிகள் அல்லர், கவனமாகப் படித்தவர்கள். அவர்கள் மனப்பாடம் செய்த பொருள் அட்டவணைதான் அவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அண்மையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து மூன்று வாக்கியங்களை அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

‘இன்ஸ்பைட் ஆஃப் ஐ ஹேட் லோ மார்க்ஸ் இன் ஸ்கூல், பட் ஐ ஃபினிஷ்ட் காலேஜ் வித் எ ஃபர்ஸ்ட் கிளாஸ்.’

‘ஐ டூ நாட் ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ், ஹவெவர் ஐ லேர்ன் ஃபாஸ்ட்.’

‘மை டைப்பிங் இஸ் குட். ஆன் தி கான்ட்ரரி, மை ஸ்போக்கன் இங்கிலிஷ் இஸ் ஆவரேஜ்.’

மூன்றிலும் சொல்ல வந்த கருத்து தெளிவாக இருக்கிறது. சொல் மட்டும் தன் இடத்தில் இல்லை.

அவளுடைய பள்ளிக் குறிப்பேட்டில் ‘ஆல்தோ’ என்பதற்கு எதிரே ‘இருந்தபோதிலும்’ என்று எழுதியிருந்தது. ‘ஹவெவர்’ என்பதற்கு ‘இருந்தாலும்’. ‘டிஸ்பைட்’ என்பதற்கும் ‘இருந்தபோதிலும்’. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. தமிழில் ‘இருந்தபோதிலும்’ என்று தொடங்கினால் முன்னால் ஒரு வாக்கியம் முடிந்திருக்கிறது என்று பொருள். ‘அவன் நன்றாகப் படித்தான். இருந்தபோதிலும் தேறவில்லை.’ இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மாணவர் ‘ஹி ஸ்டடீட் வெல். ஆல்தோ, ஹி ஃபெயில்ட்’ என்று எழுதுகிறார். ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது பாதியில் அறுந்த வாக்கியமாக விழும். ‘அவன் தேறாதபோதிலும்...’ என்று சொல்லிவிட்டு ஒருவர் பேச்சை நிறுத்தினால் நாம் எப்படி விழிப்போம்? அப்படித்தான்.

ஆல்தோவுக்குச் சரியான தமிழ் ஒரு தனிச்சொல்லே அல்ல. அது வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ‘-போதிலும்’. ‘மழை பெய்தபோதிலும் அவன் வந்தான்.’ நாம் வாலில் வைப்பதை ஆங்கிலம் தலையில் வைக்கிறது: ‘ஆல்தோ இட் ரெயின்ட், ஹி கேம்.’ இதை உணர்ந்துவிட்டால் ‘பட்’ ஏன் கூடாது என்று விதி படிக்க வேண்டியதில்லை. ‘மழை பெய்தபோதிலும், ஆனால் அவன் வந்தான்’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா? உங்கள் காதே மறுத்துவிடும். அதே காதை ஆங்கிலத்துக்கும் பயன்படுத்துங்கள்.

ஹவெவர் அப்படியல்ல. அது ‘ஆயினும்’ போலத் தனியாக நிற்கும். ‘பட்’ நம் ‘ஆனால்’. டிஸ்பைட் இன்னும் வேறு, அதைத் தனியாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விதிவிலக்கு. பழைய ஆங்கிலத்தில் ‘தோ’ வந்தால் பின்னால் ‘யெட்’ வருவது வழக்கம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் யோபு சொல்கிறார்: ‘தோ ஹி ஸ்லே மீ, யெட் வில் ஐ டிரஸ்ட் இன் ஹிம்.’ அவர் என்னைக் கொன்றாலும் அவரையே நம்புவேன் என்பது கருத்து. ஆகவே தேர்வுத்தாளில் ‘தோ... யெட்’ என்ற ஜோடியைக் கண்டால் பதறிப்போய்ப் பிழை என்று குறித்துவிடாதீர்கள். ‘தோ... பட்’ எப்போதும் பிழை. இன்றைய உரைநடையில் அந்த யெட்டும் தேவையில்லை என்பது என் கருத்து.

இப்போது நம் மொழியின் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறேன். ‘மழை பெய்தும் வந்தான்’, ‘மழை பெய்தாலும் வருவேன்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் மழை உண்மையாகவே பெய்தது. இரண்டாவதில் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். ‘மழை பெய்தும் வருவேன்’ என்றால் நாக்கு இடறுகிறது அல்லவா? நடந்துவிட்டதற்கு ‘பெய்தும்’, நடக்கக்கூடியதற்கு ‘பெய்தாலும்’ என்ற வேறுபாடு நமக்குச் சிறுவயதிலேயே இரத்தத்தில் ஊறியிருக்கிறது. ‘ஈவன் தோ’, ‘ஈவன் இஃப்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவேதான். ‘ஈவன் தோ இட் ரெயின்ட், ஹி கேம்’ என்றால் பெய்தும் வந்தான். ‘ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கம்’ என்றால் பெய்தாலும் வருவேன். பயிற்சிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கி மாணவரைக் குழப்பும் இடம் இது. தமிழ் பேசும் ஒருவர் அரை நிமிடத்தில் தாண்டிவிடலாம். ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்த நன்னூல் நம்மிடம் இருக்கிறது. அந்த நுண்ணுணர்வை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

‘ஈவன் தோ’ இரண்டு சொற்கள். இதையும் பலர் ஒட்டி எழுதுகிறார்கள்.

டிஸ்பைட்டுக்கு வருவோம். இலத்தீனில் ‘கீழ்நோக்கிப் பார்த்தல்’ என்று பொருள்படும் ஒரு சொல், பழைய பிரெஞ்சு வழியாக ‘இகழ்ச்சி’ என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் குறுகிய வடிவம்தான் ஸ்பைட். ‘இன் ஸ்பைட் ஆஃப் தி ரெயின்’ என்றால் வேர்ப்பொருளில் மழையை இகழ்ந்து, மழையைத் துச்சமாக மதித்து. நாம் என்ன சொல்கிறோம்? ‘மழையைப் பொருட்படுத்தாமல் வந்தான்.’ தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே எண்ணத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

‘பொருட்படுத்தாமல்’ என்றதும் ‘எதை?’ என்ற கேள்வி எழும். அதற்கு ஒரு பெயர்ச்சொல் விடையாக வந்தாக வேண்டும். டிஸ்பைட்டும் அதைத்தான் கேட்கிறது: ‘டிஸ்பைட் தி ரெயின்’, ‘டிஸ்பைட் மை லோ மார்க்ஸ்’. ‘டிஸ்பைட் ஐ ஹேட் லோ மார்க்ஸ்’ என்று எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியத்தை அதன் பின்னால் வைக்க முடியாது. வைத்தே ஆக வேண்டுமானால் ‘டிஸ்பைட் தி ஃபேக்ட் தட்’ என்று ஒரு பாலம் போட வேண்டும். அது நீளமானது, மந்தமானது. அந்த இடத்தில் ஆல்தோ ஒரே சொல்லில் வேலையை முடித்துவிடும்.

‘டிஸ்பைட் ஆஃப்’ எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் ‘இன் டிஸ்பைட் ஆஃப்’ என்று முழுத் தொடராகவே எழுதினார்கள். காலப்போக்கில் முன்னால் இருந்த ‘இன்’, பின்னால் இருந்த ‘ஆஃப்’ இரண்டும் உதிர்ந்தன. டிஸ்பைட் தனியே நிற்கப் பழகிவிட்டது. உறவுக்காரச் சொல்லான ஸ்பைட்டிடம் மட்டும் இரண்டும் தங்கிவிட்டன. எனவே இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டையும் விடுங்கள்.

எழுத்துக்கூட்டலுக்கும் இதே வரலாறு உதவுகிறது. காதில் ‘டிஸ்’ என்று விழுவதால் டி-ஐ-எஸ் என்று தொடங்கிவிடுகிறார்கள். இலத்தீனில் ‘கீழே’ என்று பொருள்படும் முன்னொட்டு டி-இ. ஆகவே டி-இ-எஸ்-பி-ஐ-டி-இ.

டிஸ்பைட்டில் ஒரு பொறி இருக்கிறது, தமிழர்கள் நிச்சயம் விழும் பொறி. ‘தாமதமாக வந்தும் மேலாளர் திட்டவில்லை’ என்று நாம் சொன்னால் தாமதமாக வந்தவர் நான் என்று கேட்பவருக்குப் புரியும். தமிழ் எழுவாயை விட்டுவிடவும் விடும், நடுவில் மாற்றிக்கொள்ளவும் விடும். ‘டிஸ்பைட் பீயிங் லேட், தி மேனேஜர் டிட் நாட் ஸ்கோல்ட் மீ’ என்று எழுதினால், ஆங்கில இலக்கணப்படி தாமதமாக வந்தவர் மேலாளர். கமாவுக்குப் பின்னால் எவர் எழுவாயோ அவர்மீதுதான் முன்பகுதி போய் ஒட்டும். ‘ஆல்தோ ஐ வாஸ் லேட், தி மேனேஜர் டிட் நாட் ஸ்கோல்ட் மீ’ என்று ‘ஐ’யை வெளிப்படையாக வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

பெயர்ச்சொல் கேட்கும் மற்றொன்று ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே சொல். அன்றாடக் கடிதத்துக்கு இது வேண்டாம், சட்டத்தின் மொழி இது. அரசியலமைப்பின் 343ஆம் பிரிவைப் பாருங்கள். முதல் உட்பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. இரண்டாவது உட்பிரிவு ‘நாட்வித்ஸ்டாண்டிங் எனிதிங் இன் கிளாஸ் ஒன்’ என்று தொடங்கி, 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் என்கிறது. மூன்றாவதும் அதே சொல்லில் தொடங்கி, அதற்குப் பின்னும் ஆங்கிலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. முன்னே சொன்ன விதி வழியில் குறுக்கே நிற்காது என்பதே அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். 1965ஐ நினைவில் வைத்திருக்கும் தமிழருக்கு, ஓர் எதிர்நிலைச் சொல்லின் எடை எவ்வளவு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ஹவெவர். பக்கத்து வீட்டுப் பெண்ணின் இரண்டாம் வாக்கியத்தில் குற்றம் சொல்லில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் கமாவில் இருக்கிறது. ‘பட்’ இரு வாக்கியங்களைக் கட்டும் கயிறு. ஹவெவர் கயிறு அல்ல. இரண்டாம் வாக்கியத்துக்குள் நின்றுகொண்டு முதலாவதைத் திரும்பிப் பார்க்கும் சொல் அது. எனவே முதல் வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்துவிட வேண்டும், அல்லது அரைப்புள்ளியாவது வேண்டும். ஹவெவருக்குப் பின்னால் ஒரு கமா. ‘ஐ டூ நாட் ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ். ஹவெவர், ஐ லேர்ன் ஃபாஸ்ட்.’ நெவர்தலெஸ், நன்தலெஸ் இரண்டும் இதே சாதி. மூன்று துண்டுகள் சேர்ந்தவை என்றாலும் இன்று இரண்டையும் ஒரே சொல்லாகத்தான் எழுதுகிறார்கள்.

கயிறா, இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அந்தச் சொல்லை எடுத்து வாக்கியத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். ‘ஐ, ஹவெவர், லேர்ன் ஃபாஸ்ட்’ என்றால் நிற்கிறது. ‘ஐ, பட், லேர்ன் ஃபாஸ்ட்’ என்றால் நிற்கவில்லை. தமிழிலும் ‘நான் ஆயினும் வந்தேன்’ ஒருவாறு நிற்கும், ‘நான் ஆனால் வந்தேன்’ நிற்காது.

ஹவெவரால் வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். 1918இல் வில்லியம் ஸ்ட்ரங்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேட்டில் அப்படி ஒரு அறிவுரை இருக்கிறது. ‘எவ்வளவு’ என்ற இன்னொரு பொருளும் ஹவெவருக்கு உண்டு. ‘ஹவெவர் ஹார்ட் இட் ரெயின்ஸ்’ என்றால் எவ்வளவு கடுமையாக மழை பெய்தாலும். இந்தப் பொருளில் பின்னால் கமா வராது. கமா ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது என்பதால் அந்தப் பழைய தடையை இன்று பெரும்பாலோர் பின்பற்றுவதில்லை. நானும் பின்பற்றுவதில்லை. பட்டில் வாக்கியம் தொடங்கக்கூடாது என்பதும் பள்ளிக்கூடம் கட்டிய வேலிதான். 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலேயே ‘பட் வென் எ லாங் டிரெய்ன் ஆஃப் அப்யூசஸ்’ என்று தொடங்கும் வாக்கியம் இருக்கிறது. கொடுமைகளின் நீண்ட வரிசையைச் சுட்டிக்காட்டும் அந்த இடத்தில் பட்டை விட வலுவான சொல் எதுவும் இருந்திருக்க முடியாது. தேர்வில் மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள், திருத்துபவர் யாரோ தெரியாது.

‘தோ’வின் எழுத்துக்கூட்டல்தான் எல்லாவற்றிலும் கொடுமையானது. டி-எச்-ஓ-யு-ஜி-எச். நடுவில் ஓர் ஆர் புகுந்தால் ‘த்ரூ’. கடைசியில் ஒரு டி சேர்ந்தால் ‘தாட்’. அதே ஓ-யு-ஜி-எச் ‘டஃப்’ என்ற சொல்லில் வேறு விதமாக ஒலிக்கிறது, ‘காஃப்’ என்பதில் இன்னும் வேறு. அந்த ஜி-எச் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு காலத்தில் அது தொண்டையில் உரசும் ஒலியாக உச்சரிக்கப்பட்டது. தோவின் உறவுச்சொல்லான ஜெர்மன் ‘டோக்’கில் அந்த உரசல் இன்றும் கேட்கிறது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்து நின்றது, நாக்கு ஒலியை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. 1906இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், டி-எச்-ஓ என்ற மூன்றே எழுத்துகளில் எழுதும் வடிவம் உட்பட 300 சொற்களின் எளிய எழுத்துக்கூட்டலை அரசு அச்சகத்தில் நடைமுறைப்படுத்த ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் அதை முடக்கிவிட்டது. எனவே கைப்பேசிச் செய்தியில் எப்படி இருந்தாலும், தேர்விலும் விண்ணப்பத்திலும் ஆறு எழுத்துகளும் வேண்டும்.

ஆல்தோவில் ஓர் எல் மட்டுமே. ‘ஆல்’ தனியாக வரும்போது இரண்டு எல், இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது ஒன்று உதிர்ந்துவிடும். ஆல்தோவுக்கு நெருங்கிய பொருளுடைய ‘ஆல்பீயிட்’ என்ற சொல்லிலும் அப்படியே. ஆல், பீ, இட் என்ற மூன்றும் சேர்ந்த அந்தச் சொல்லை மூன்று அசையாகத்தான் உச்சரிக்க வேண்டும்.

பொருளில் தோவும் ஆல்தோவும் ஒன்றே. ஆனால் தோவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, வாக்கியக் கடைசியில் போய் உட்காரலாம். ‘இட் வாஸ் ரெயினிங். ஹி கேம், தோ.’ நாம் பேச்சில் ‘வந்துவிட்டான், இருந்தாலும்’ என்று இழுப்பதைப் போல. ஆல்தோவை அங்கே வைக்க முடியாது.

மூன்றாம் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘ஆன் தி கான்ட்ரரி’ என்பது முன்னே சொன்னதை மறுக்கும் தொடர். ‘காப்பி சூடாக இல்லை. மாறாக, பச்சைத் தண்ணீர் போல இருக்கிறது’ என்று சொல்லும்போது வரும் ‘மாறாக’ அது. ஒரே பொருளைப் பற்றி, ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு நேர் எதிரானதை நிறுவும். தட்டச்சும் பேச்சும் இரண்டு தனித்திறன்கள். ஒன்று நன்றாக இருப்பதை மற்றொன்று மறுக்கவில்லை. ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று தராசுத் தட்டுகளாக வைக்க ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ இருக்கிறது. அதில் நான்கு சொற்கள், நடுவில் உள்ள ‘தி’யை விழுங்கக்கூடாது.

ஒரே வாக்கியத்தில் இரண்டை ஒப்பிட வேண்டுமானால் ‘வேராஸ்’ பொருத்தம். அது ஒரே சொல், வேர் தனி ஆஸ் தனியாக உடைத்தால் பிழை. ‘வைல்’ என்றும் எழுதலாம். ஆனால் வைலுக்கு ‘அதே வேளையில்’ என்ற பொருளும் இருப்பதால் சில இடங்களில் இரட்டுற மொழிதலாகிவிடும். அரசாணைகளிலும் ஒப்பந்தங்களிலும் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் நிற்கும் வேராஸ் இது அல்ல. அங்கே அதற்கு ‘இவ்வாறு இருக்கும் நிலையில்’ என்று பொருள், எதிர்நிலை ஏதும் இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் வாக்கியம் ‘டிஸ்பைட் மை லோ மார்க்ஸ் இன் ஸ்கூல், ஐ ஃபினிஷ்ட் காலேஜ் வித் எ ஃபர்ஸ்ட் கிளாஸ்’ என்று ஆனது. இரண்டாவதில் ஹவெவரை எடுத்துவிட்டுப் பட் போட்டாள். கடிதம் சிறியது, அதற்குச் சிறிய சொல்லே அழகு.

மூன்றாவதை ‘மை டைப்பிங் இஸ் குட், வேராஸ் மை ஸ்போக்கன் இங்கிலிஷ் இஸ் ஆவரேஜ்’ என்று எழுதிக் காட்டினாள். இலக்கணம் முழுக்கச் சரி. இதைப் படிக்கும் அதிகாரியின் மனத்தில் கடைசியாகத் தங்குவது எது என்று மட்டும் கேட்டேன். ஆல்தோ எந்தப் பாதியின் தலையில் அமர்கிறதோ அந்தப் பாதி பின்னுக்குப் போகும், மற்றப் பாதி முன்னுக்கு வரும். அவள் சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, ஒற்றை எல்லோடு எழுதினாள்: ‘ஆல்தோ மை ஸ்போக்கன் இங்கிலிஷ் இஸ் ஆவரேஜ், மை டைப்பிங் இஸ் குட்.’